குரலில் சிரிப்பு கேட்க வேண்டும்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். இந்த நேரத்தை நான் குறித்து வைக்கவில்லை, கம்பெனி குறித்து வைத்திருந்தது. என் மகளின் குரல் எந்த நிமிடத்தில் நின்றது, எந்த அழைப்பில் நின்றது, எந்தச் சொல்லின் பாதியில் நின்றது என்பதுவரை அவர்களால் சொல்ல முடிந்தது. பேசுவதெல்லாம் பதிவாகும் இடம் அது. ஏன் நின்றது என்பதுதான் அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் ஒருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்போது நான் என் அலுவலகத்தில் இருந்தேன். ரேஷன் கார்டில் குழந்தையின் பெயரைச் சேர்க்க வந்த ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கைப்பேசி அடித்தது. மகளுடைய டீம் லீடர். அந்த இளைஞன் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறான், தீபாவளிக்கு அவள் லீவு கேட்டபோது, "கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க ஆன்ட்டி" என்பதற்காக.

"ஆன்ட்டி, டென்ஷன் ஆவாதீங்க. அவங்க பேச மாட்றாங்க."

"யார்கிட்ட?"

"யார்கிட்டயுமே. கஸ்டமர் லைன்ல இருக்கும்போதே ஸ்டாப் ஆயிட்டாங்க. வாய் அசையுது ஆன்ட்டி, சவுண்டு வரல. ஹெட்செட் போயிடுச்சுன்னு வேற மாத்திக் குடுத்தோம். அதுலயும் வரல."

ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை என்றதும் அவர்களுக்கு முதலில் தோன்றியது ஒயர் கோளாறு.

"மயங்கிட்டாளா? வாய் கோணிக்கிச்சா? கை கால தூக்கச் சொன்னீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆன்ட்டி. நல்லாதான் இருக்காங்க. ரிலாக்ஸ் ரூம்ல உக்கார வெச்சிருக்கோம்."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். கம்பெனி இருக்கும் நூறடி ரோடு வரைக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. வழியெல்லாம் பக்கவாதம், மூளையில் கட்டி, விஷக்காய்ச்சல் என்று ஒவ்வொன்றாக அவளுக்கு வரவழைத்துப் பார்த்தபடியே போனேன். நான் அப்படிப்பட்டவள்தான். அவள் பள்ளிக்கூட வேன் ஐந்து நிமிடம் தாமதமானால் ஆஸ்பத்திரிகளின் எண்களைத் தேடியவள்.

ரிலாக்ஸ் ரூம் என்று கதவில் எழுதியிருந்த அறை முன்பு யுபிஎஸ் பேட்டரிகளை வைத்திருந்த அறை. பேட்டரிகள் இன்னமும் அங்கேதான் இருந்தன. குறுக்கே ஒரு பச்சைத் திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். திரைக்குப் பின்னால் அவை ஓயாமல் உறுமிக்கொண்டிருக்க, திரைக்கு முன்னால் மூட்டை மாதிரி ஓர் இருக்கை, பிளாஸ்டிக் மூங்கில், சுவரில் கடல் படம். வண்டியை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் நிஜக் கடலுக்கே போய்விடக்கூடிய ஊரில், வேலை செய்கிறவர்களின் மன அமைதிக்காகக் கடல் படம் மாட்டியிருந்தார்கள். அந்த மூட்டைக்குள் என் மகள் பாதி புதைந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள். அந்த இருக்கையிலிருந்து எழுவது அத்தனை சுலபமில்லை.

"அம்மா" என்று அவள் உதடு சொன்னது. சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவது போன்ற ஓர் ஓசை. வேறொன்றும் வரவில்லை.

"என்னடி கண்ணு? தொண்ட வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

அவள் டீம் லீடரைப் பார்த்தாள். அவன் தன் ஷூவைப் பார்த்தான். "கொஞ்சம் டஃப்பான கால் ஆன்ட்டி. கஸ்டமர் கத்திட்டாரு. ஆனா இது டெய்லி வர்றதுதான்."

தினமும் வருவதுதான் என்பதை ஆறுதலாகச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அவளுடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் யாரோ ஒருவர் வீட்டில் துணி துவைக்கும் மெஷின் நின்றுபோனால், அவர் அந்த நாட்டு எண் ஒன்றுக்குப் போன் செய்வார். மணி அடிப்பது புதுச்சேரியில், டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில். என் மகள் கம்பெனி கொடுத்த பிரெஞ்சுப் பெயரைத் தன் பெயராகச் சொல்லி வணக்கம் வைப்பாள். பிறகு மன்னிப்புக் கேட்பாள். அந்த மெஷினை அவள் செய்யவில்லை, விற்கவில்லை, கண்ணால் பார்த்ததுகூட இல்லை. இருந்தாலும் பேச்சைத் தொடங்கும்போது ஒரு மன்னிப்பு, மெக்கானிக் வரும் தேதியைச் சொல்வதற்கு முன் ஒரு மன்னிப்பு, போனை வைக்கும்போது ஒரு மன்னிப்பு. எதிர்முனையில் இருப்பவர் கத்தினால் நடுநடுவே வேறு. 'தெசொலே' என்பது அந்தச் சொல். வருந்துகிறேன் என்று பொருள். அன்றைக்கு 'தெசொ' வரைக்கும் வந்து நின்றிருக்கிறது.

எங்களுக்குப் பிரெஞ்சு வம்சாவளியாக வந்ததில்லை. என் அப்பா மில் தொழிலாளி. முதலியார்பேட்டையில் மில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்ட குடும்பம். என் மகள் பள்ளியில் பிரெஞ்சு எடுத்தது மார்க் வரும் என்பதற்காக. மார்க் வந்தது. பிறகு பட்டம், பட்டயம், சான்றிதழ் என்று ஒவ்வொரு படியாக ஏறினாள். எங்கள் தெருமுனையில் ஒரு சொல்தா இருக்கிறார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். வேலை கிடைத்ததும் அவரிடம் போய்ச் சொன்னோம். கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு அப்போது பிடிக்கவில்லை.

"நான் அந்த ஊர்ல அத்தினி வருஷம் இருந்தேம்மா. ஒரு தபா கூட எவன்கிட்டயும் மன்னிப்பு கேட்டதில்ல. ஒம்பொண்ணு வேலைக்குப் போன உடனே கேக்கப் போவுதா?" என்றார்.

அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையிலும் கையகலக் கண்ணாடி ஒன்று நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடிதான். பேசும்போது சிரிக்கிறோமா என்று அதில் பார்த்துக்கொள்ள வேண்டும். சிரித்துக்கொண்டு பேசினால் அந்தச் சிரிப்பு குரலில் கேட்கும் என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. "குரல்ல சிரிப்பு கேக்கணும்" என்று டீம் லீடர் மேசை மேசையாக வந்து சொல்வானாம். ஒருவன் தாயை இழுத்துத் திட்டும்போதும் பல் தெரியச் சிரித்து, அந்தச் சிரிப்பைத் தானே பார்த்துக்கொண்டு, வருந்துகிறேன் என்று சொல்ல வேண்டும். மனித உடம்பை இப்படி மூன்று பக்கமாக முறுக்கலாம் என்று யோசித்தவன் எந்தக் கல்லூரியில் படித்தானோ.

இந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே அவள் முகத்தில் சிரிப்பு வந்து உட்காரும். சிலிண்டர் கொண்டுவருகிறவர் மாடிப்படியில் இடித்துக்கொண்டால் இவள் மன்னிப்புக் கேட்பாள். சாம்பாரில் உப்பு குறைந்தால் சமைத்த நான் சும்மா இருப்பேன், சாப்பிடுகிற இவள் "சாரிம்மா" என்பாள். வேலைக்குக் கிளம்பும் முன் வயிறு வலிக்கிறது என்று கழிவறையில் உட்கார்ந்திருப்பாள். இதற்கெல்லாம் கேஸ் டிரபிள் என்று என் கணவர் பெயர் வைத்தார். அவருக்கு உலகத்தில் பாதி துன்பங்கள் கேஸ் டிரபிள்தான்.

காது மூக்குத் தொண்டை மருத்துவர் கேமரா விட்டுப் பார்த்தார். "குரல்நாண்ல ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு" என்றார். இருமச் சொன்னார். இருமல் நல்ல சத்தத்தோடு வந்தது. ஆனால் 'ஆ' சொல்லச் சொன்னபோது காற்றுதான் வந்தது. "மனசுல ரொம்ப அழுத்தம் சேந்தா இப்படி ஆகும். பெரிய ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்குறவங்களையும் மனநல டாக்டரையும் பாருங்க" என்று எழுதிக் கொடுத்தார். அங்கே போனால், அந்தப் பிரிவு அடுத்த வாரம்தான் என்றார்கள்.

அந்த இடைவெளியில் எங்கள் உறவினர்கள் ஒவ்வொருவராக மருத்துவம் படித்து முடித்தார்கள். ஒருத்தி தேனில் மிளகு, ஒருத்தி பனங்கற்கண்டு, ஒருத்தி எலுமிச்சம்பழம் சுற்றி முச்சந்தியில் நசுக்குவது. என் நாத்தனார் குருசுக்குப்பத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"மனநல டாக்டரா? அண்ணி, கல்யாணம் ஆவாத பொண்ணு. வெளிய தெரிஞ்சா என்ன ஆவும்?"

"ஊமைப் பொண்ணுன்னு தெரிஞ்சா மட்டும் வரிசையில வந்து நிப்பாங்களா?"

"நான் நல்லதுக்குதான் சொன்னேன்."

"நல்லதுக்குச் சொல்றவங்க நெறைய பேரு ஆயிட்டாங்க. நீ காபி குடிச்சிட்டுக் கெளம்பு."

உள்ளே மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவள் போனில் தட்டச்சு செய்து காட்டுவாள். அன்று மாலை காட்டினாள்: 'வராமலே போய்டுமா?' நான் ஓங்கிச் சிரித்து, பைத்தியக்காரி என்றேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இரண்டு வயதில் அவள் பேச ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டில் சத்தம் என்றாலே அவள்தான். அந்தக் குரல் இனி இல்லை என்றால் நாங்கள் மூவரும் அந்த வீட்டில் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியவில்லை. என் பயம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கோபம்.

அப்போதுதான் கம்பெனியின் வெல்பீயிங் மேனேஜர் போன் செய்தாள். ஊழியர்களின் மனநலத்துக்கென்று சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் அதிகாரி. பிரான்ஸில் இருக்கும் கம்பெனிக்காரர்கள், தங்களுக்கு வேலை செய்கிறவர்களின் மனநலம் பேணப்படுகிறதா என்று கேட்பார்களாம். கேட்டால் காட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். இவள் சென்னையில் எதையோ விட்டுவிட்டு, மன அமைதியைத் தேடி இந்த ஊருக்கு வந்து குடியேறியவள். அப்படி வருகிறவர்கள் இங்கே நிறைய. கைத்தறிக் குர்தாவும் எலுமிச்சைப் புல் வாசனையுமாகச் சைக்கிளில் போவார்கள். வாடகையை ஏற்றிவிட்டது அவர்கள் தேடும் அமைதிதான்.

"அம்மா, அவங்க லீவுல இருக்கட்டும். ஆனா வெள்ளிக்கிழமை மட்டும் வந்துட்டுப் போகட்டும். மனநல வாரத்தோட கடைசி நாள். ஃபேமிலி டே. நீங்களும் வரணும். கிளையன்ட் வீடியோல பாக்குறாங்க."

போக வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். மகள் தட்டச்சு செய்தாள்: 'போலாம்மா. இல்லன்னா வேலை போய்டும்.'

போனோம். பலூன் கட்டியிருந்தார்கள். 'உன் மனம், உன் பொறுப்பு' என்று ஒரு பேனர். நன்றாக யோசித்து எழுதிய வாசகம்தான், அவர்கள் பொறுப்பு எதுவும் அதில் இல்லை. முதலில் சிரிப்புப் பயிற்சி. எல்லாரும் எழுந்து நின்று கைகளை உயர்த்தி ஹா ஹா, ஹோ ஹோ என்று சிரிக்க வேண்டும். மதியத்திலிருந்து இரவுவரை கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைகளுக்கு இளைப்பாறுதலாக இன்னும் கொஞ்சம் சிரிப்பு. வந்திருந்த பெற்றோர்களும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு அப்பா, வில்லியனூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர் என்று பேச்சில் தெரிந்தது, சிரிக்காமல் நின்றார். "எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்று என்னைக் கேட்டார். "மனசு நல்லாயிருக்கறதுக்கு" என்றேன். "அப்ப நல்லால்லியா?" என்றார்.

பிறகு வட்டமாக உட்கார வைத்து மைக்கைச் சுற்றுக்கு விட்டார்கள். மனம் திறந்து பேச வேண்டும். எதிர்ச்சுவரில் பெரிய திரை, அதில் பிரான்ஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசினாலும் ஒருவன் அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். ஒருவன், இது என் இரண்டாவது குடும்பம் என்றான். ஒருத்தி, தான் மிகவும் ஹாப்பி என்றாள். இன்னொரு சின்னப் பெண், திறந்துவிடச் சொல்கிறார்களே என்று நிஜமாகவே திறந்துவிட்டாள்.

"டாய்லெட் போறதுக்கு டைம் பத்தல மேடம். கொஞ்சம் கூட்டிக் குடுத்தா..."

"ஓகே, ஓகே. இதையே பாசிட்டிவா சொல்லுங்க பாக்கலாம்?" என்றாள் வெல்பீயிங் மேனேஜர், கண்ணில் அன்பு வழிய.

அந்தப் பெண் யோசித்தாள். "டைம் இருக்கு மேடம். தேங்க்யூ" என்றாள். கைதட்டினார்கள்.

அடுத்து மைக் என் மகளிடம் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் டீம் லீடரைப் பார்த்தேன். அவனுக்குத் தெரியும், ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கூடம் முழுக்கக் காத்திருந்தது. வெல்பீயிங் மேனேஜர் கண்ணை மூடினாள். திறந்தபோது அவள் முகத்தில் ஒளி வந்துவிட்டது.

"பாருங்க. எல்லாரும் பாருங்க. இவங்க பேசல. இந்த மௌனத்துக்கு எவ்ளோ தைரியம் வேணும் தெரியுமா? மௌனத்துக்காகவே இந்த ஊருக்கு வந்தவ நான். எனக்கு இது வர எத்தனை வருஷம் ஆச்சு! இவங்க ஹெட்செட்ட கழட்டி வெச்சுட்டு நேரா உள்ள போயிட்டாங்க."

வேறெந்த ஊரிலும் இந்த முட்டாள்தனம் நடந்திருக்காது. குரல் போன பெண்ணைப் பார்த்தால் மற்ற ஊர்களில் தண்ணீர் கொடுப்பார்கள், இல்லை டாக்டரைக் கூப்பிடுவார்கள். மௌனம் இருப்பதற்கென்றே உலகெங்கிலும் இருந்து ஆட்கள் வந்து இறங்கும் எங்கள் ஊரில்தான், தொண்டை அடைத்துப்போன பிள்ளை ஞானம் பெற்றுவிட்டாள் என்று ஒருத்தி முடிவுகட்டுவாள். மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மீதியை அவள் தன் சரக்கிலிருந்து நிரப்பிக்கொண்டாள்.

கைதட்டல். திரையில் அந்த வெள்ளைக்காரர் நெஞ்சில் கை வைத்து, "ப்ராவோ" என்றார். எல்லாரும் இவளைப் பின்பற்றிக் கொஞ்ச நேரம் மௌனமாக இருப்போம் என்றாள் மேனேஜர். இருந்தார்கள். அந்த அமைதியின் நடுவில் என் மகளின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மைக்கில் சொட்டியது. ஸ்பீக்கரில் டப், டப் என்று கேட்டது.

"பாருங்க, ரிலீஸ் ஆகுது" என்றாள் மேனேஜர் மெதுவாக.

நான் எழுந்துவிட்டேன்.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? அவ மௌனமும் இருக்கல, ஒரு மண்ணும் இருக்கல. அவளுக்குக் குரல் வரல. எவன் வூட்டு மெஷினுக்கோ மன்னிப்பு கேட்டுக் கேட்டுத் தொண்ட நின்னு போச்சு. ஒரு வாரமா எம்பொண்ணு 'அம்மா'ன்னு கூப்பிடல. நீ கை தட்டுற!"

"அம்மா, உங்க கோபத்த நான் மதிக்கிறேன். முதல்ல மூச்ச நல்லா உள்ள இழுங்க..."

"இழுத்தாச்சு. நீ மொதல்ல அந்த மைக்க அவ கையிலேர்ந்து வாங்கு."

வில்லியனூர்க்காரர், "அதான் கேக்கறாங்களே, வாங்கும்மா" என்றார். யாரோ அதற்குள் வீடியோவை அணைத்துவிட்டிருந்தார்கள். அந்த நிறுவனத்தில் நான் பார்த்த ஒரே சுறுசுறுப்பு அதுதான். டீம் லீடர் வந்து மைக்கை வாங்கிக்கொண்டான். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டியில் அவள் என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றபோது அவள் குலுங்குவது தெரிந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் சத்தம் இல்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. பேச்சுப் பயிற்சியாளர் என்னைவிட வயதில் சிறியவர், பார்த்தவுடனே எரிச்சல்படுகிற முகம்.

"பேரு?"

நான் சொன்னேன்.

"என்ன வேலை?"

நான் சொன்னேன். எப்படிப்பட்ட வேலை என்பதையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

"எல்லாத்துக்கும் நீங்களே பதில் சொல்லிட்டா அவ எதுக்குப் பேசணும்? வெளிய உக்காருங்கம்மா."

வெளியே உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தாது, எல்லாம் கேட்டது. இருமச் சொன்னார். இருமினாள். "இது யாரு சத்தம்? உன் சத்தம்தானே? எங்கயும் போவல, உள்ளதான் இருக்கு. திரும்ப இருமு. இப்ப இருமலோட கடைசியில வாய மூடிக்கிட்டு 'ம்'முன்னு இழு." இருமல், காற்று, இருமல், காற்று. இப்படியே போய், ஒரு தடவை அந்த இருமலின் வாலில் ஓர் 'ம்' ஒட்டிக்கொண்டு வந்தது. பழைய கதவு திறப்பது போல. நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "என்னங்க, உங்கள கூப்ட்டாங்களா?" என்று கேட்டார்.

மனநல மருத்துவர் அவளிடம் தனியாகப் பேசிவிட்டு என்னையும் கணவரையும் கூப்பிட்டார். போஸ்டர் வாசகம் எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. "அவ வேணும்னு பண்ணல. நடிக்கவும் இல்ல. நீங்க கெஞ்சினாலும் மெரட்டினாலும் வராது. வந்தா ஊரக் கூட்டிக் கொண்டாடவும் வேணாம். சாதாரணமா இருங்க. அந்த வேலைக்கு இப்ப போக வேணாம்" என்றார். "கேஸ் டிரபிள் ஏதாவது..." என்று என் கணவர் தொடங்கினார். அவர் காலை மிதித்தேன்.

சாதாரணமாக இருப்பது எனக்குத் தெரியாத வித்தை. இருந்தாலும் முயன்றேன். காலையிலும் மாலையிலும் அவள் குளியலறையில் உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துச் சத்தம் எழுப்புவாள். பிறகு 'ம்' என்று இழுப்பாள். கூடத்தில் பேப்பர் படிக்கிறவர் போல உட்கார்ந்து என் கணவரும் கூடவே 'ம்' என்பார், தனக்கே தெரியாமல். சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாட்களில் அவள் முகத்தைப் பார்க்காமல் நான் காய் நறுக்குவேன்.

ஒரு காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் தட்டில் இன்னொன்றைப் போடப் போனேன்.

"போதும்மா" என்றாள்.

கரகரப்பான குரல், முன்பைவிடக் கனத்திருந்தது. டாக்டர் சொன்னது நினைவில் இருந்ததால், "சரி" என்று மட்டும் சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல்லில் இருந்த தோசையை எடுக்கவில்லை. அது தீய்ந்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் நினைவு வந்தது.

வேலையை விட்டுவிட்டாள். கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதில் வாசனை மெழுகுவர்த்தி, கிரீன் டீ, 'உங்கள் நலமே எங்கள் முதன்மை' என்ற அட்டை. மெழுகுவர்த்தியைக் கரண்ட் போனபோது ஏற்றினேன், அதற்கு அது உதவியது. அவள் மைக்கைப் பிடித்துக் கண்ணீர் விடும் படத்தை, 'மௌனத்தின் வலிமை' என்று தலைப்பிட்டுத் தங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நான் போனில் கத்திய பிறகு எடுத்தார்கள். அங்கிருந்து யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து, எதிரில் நின்று, தப்பு நடந்துவிட்டது என்று சொல்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. மன்னிப்பையே தொழிலாகச் செய்யும் கம்பெனி, எங்களுக்கென்று ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை. வருகிறவரிடம் என்ன கேட்பது என்று நான் மனதுக்குள் தினமும் பேசிப் பார்த்துக்கொண்டேன். ஸ்கூட்டியில், அலுவலகத்தில், மீன் கழுவும்போது. சில சமயம் வாய்விட்டும் பேசியிருக்கிறேன் போல. "யாரத் திட்டுற?" என்பார் கணவர். இன்றைக்கும் மகள் கூப்பிட்ட குரலுக்கு உடனே பதில் சொல்லாவிட்டால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு அவள் இருக்கும் அறைக்கு ஓடுகிறேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிபோல, கேட்டுக்கு வெளியே ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நின்றான். டீம் லீடர். கையில் ஒரு பையில் ஆப்பிள். மகள் மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டே எதிர்வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள், அந்தக் கரகரத்த குரல் தெருவரை கேட்டது. அவன் மேலே அண்ணாந்து அதையே கேட்டுக்கொண்டு நின்றான். நான் கேட்டைத் திறக்கவில்லை. சேர்த்து வைத்திருந்த அத்தனையும் தொண்டைக்கு வந்துவிட்டது.

"வாப்பா. இப்பதான் வழி தெரிஞ்சுதா? மைக்கு எதாச்சும் கொண்டாந்திருக்கியா?"

அவன் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை.

"என்ன முணுமுணுக்குற? அன்னிக்கும் வாயத் தொறக்கல. இன்னிக்காவது சத்தமா சொல்லு."

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தான். கழுத்து நரம்பு புடைத்தது, வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. காதை அவன் வாயருகே கொண்டுபோன பிறகுதான் எனக்கு விளங்கியது.

"ஆன்ட்டி, அவங்கள எந்த டாக்டர்கிட்ட காட்டுனீங்க? ஆபீஸ்ல மட்டும் சொல்லிடாதீங்க."